மைல்கல்லும் சுமைதாங்கியும்

நம் நாட்டுப்புறச் சாலைகளின் ஓரத்தில் இருவகைக் கற்களைக் காணலாம். ஒன்று மைல்கல். அடுத்த ஊருக்கு இன்னும் எவ்வளவு தொலைவு என்பதை அது அறிவிக்கும். மற்றொன்று சுமைதாங்கி. செங்குத்தாக நட்ட இரண்டு கற்களின்மேல் கிடையாக ஒரு கல்லைப் பரப்பி அதனை அமைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர் பிறர் கைகொடுக்காமலே சுமையை இறக்கி வைத்து, இளைப்பாறி, மீண்டும் தாமே ஏற்றிக்கொள்ள அது பயன்படும். மைல்கல் நம் பயணத்தைக் கணக்கிடுகிறது. சுமைதாங்கியோ எவ்வளவு தூரம் வந்தாய் என்று எவரையும் கேட்பதில்லை.

வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்க அமரும் மனிதர் பெரும்பாலும் மைல்கற்களையே எண்ணுகிறார். முதல் நற்கருணை, பள்ளி இறுதித் தேர்வு, முதல் ஊதியம், திருமணம், முதற்பிள்ளை, சொந்த வீடு, வெள்ளி விழா என்று அந்த எண்ணிக்கை நீளும். நடக்க முடிகின்றவரை இந்தக் கணக்கில் குறை தெரிவதில்லை. நடையே தடைப்பட்டுப் போனவர் எதை எண்ணுவார்? பாதி வழியில் கால் மரத்துப்போனவருக்குத் தாம் கடந்துவந்த கற்கள் ஆறுதலா, வேதனையா? மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயோடு வாழ்பவர்களின் வரலாறுகளைப் படிக்கும்போதெல்லாம் இக்கேள்வி என்னைத் தொடர்ந்து வந்திருக்கிறது. அதனை வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். மூளையும் தண்டுவடமும் உடலுறுப்புகளோடு பேசுவது நரம்பிழைகளின் வழியாகவே. மின்கம்பியின்மேல் உறை இருப்பதுபோல இவ்விழைகளின்மேலும் மயலின் என்னும் கொழுப்புறை ஒன்று உண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே வழிதவறி அந்த உறையைத் தாக்கும்போது இந்நோய் உண்டாகிறது. தமிழில் இதனைத் தண்டுவட மரப்பு நோய் என்பர். 1868இல் பாரிஸ் மாநகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்க்கோ என்னும் மருத்துவ அறிஞர் இதனைத் தனியொரு நோயாக வரையறுத்தார். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுதியாக இது தோன்றுகிறது. 2020ஆம் ஆண்டின் கணக்குப்படி உலகெங்கும் ஏறத்தாழ 28 இலட்சம் பேர் இதனோடு வாழ்ந்தனர்.

ஒருவருக்குக் கண் மங்கும். ஒருவருக்குக் கால் தள்ளாடும். வேறொருவருக்குக் கையிலிருந்து தேநீர்க் குவளை நழுவும். பலருக்கு இத்தாக்குதல் சில வாரங்களில் தணிந்துவிடும். பின்னர் மாதங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோ வேறோர் உறுப்பில் தலைகாட்டும். உடல் சூடேறினால் தொல்லை கூடும். நமது சித்திரை வெயில் இந்நோயாளருக்குப் பகை. 1993 முதல், நோயின் வேகத்தைத் தணிக்கும் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துள்ளன. அவற்றால் இன்று பலர் நெடுங்காலம் நடமாடி, வேலை செய்து, குடும்பம் நடத்துகின்றனர். ஆயினும் நோயை முற்றும் அகற்றும் மருந்து இன்னும் கண்டறியப்படவில்லை. எவருக்கு எந்த ஆண்டில் எது குறையும் என்று துல்லியமாகச் சொல்லவும் இயலவில்லை. எஞ்சிய தொலைவைக் காட்டும் எண் அழிந்துபோன மைல்கல்லின் முன் அவர்கள் நிற்கிறார்கள். வருங்காலம் இவ்வாறு மறைந்துகொள்ளும்போது மனம் இயல்பாகவே பின்னோக்கித் திரும்புகிறது.

இந்நோயைக் கண்டறிவதே ஒருவகையில் திரும்பிப் பார்த்தல்தான். ஒரேயொரு தாக்குதலை மட்டும் வைத்து மருத்துவர் எளிதில் முடிவுக்கு வருவதில்லை. நரம்பு மண்டலத்தின் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில் பாதிப்பு நேர்ந்ததற்குச் சான்று தேடுவது இந்நோயறிதலின் அடிப்படை. ஆதலால், சில ஆண்டுகளுக்கு முன் எப்போதாவது கண் மங்கியதுண்டா, கால் மரத்ததுண்டா என்று அவர் கேட்கிறார். நோயாளியும் நினைவைத் துழாவுகிறார். கண்ணயர்வு என்று மறந்துபோன ஒரு வாரம், களைப்பு என்று ஒதுக்கிய ஒரு மாலைப்பொழுது ஆகியவை திடீரென எழுந்து வந்து, நாங்கள்தாம் தொடக்கம் என்கின்றன. ஒரே நாளில் ஒருவருடைய கடந்தகாலம் முழுவதும் வேறு முகம் காட்டுகிறது.

அகஸ்டஸ் தெஸ்தே என்பவர் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரர். அவருடைய பெற்றோரின் திருமணம் சட்டப்படி செல்லாது என அவர் பிறந்த 1794ஆம் ஆண்டிலேயே தீர்ப்பானது. இளவரசர் என்னும் பட்டத்துக்கு அவருக்கு உரிமை இல்லாமற் போயிற்று. 1822 டிசம்பரில், தாம் தந்தைபோல் நேசித்த உறவினர் ஒருவரைக் காண ஸ்காட்லாந்து சென்றார். சென்று சேர்ந்தபோது அவர் இறந்துவிட்டிருந்தார். அடக்கச் சடங்கில் பலர் முன்னிலையில் அழாதிருக்க அவர் பெரிதும் முயன்றார். அதன்பின் விரைவிலேயே, தமக்கு வந்த கடிதங்களைப் பிறர் படித்துச் சொல்ல வேண்டிய அளவுக்கு அவருடைய பார்வை மங்கியது. மருத்துவம் ஏதுமின்றியே பின்பு தெளிந்தது. இரட்டைப் பார்வை, கால் தளர்ச்சி, கைந்நடுக்கம், சக்கர நாற்காலி என்று அடுத்த இருபத்துநான்கு ஆண்டுகள் நடந்தவற்றை அவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1848இல் இறந்தார். அவருடைய நோய்க்கு ஷார்க்கோ வரையறை தந்தது அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகுதான். அவருடைய குறிப்புகள் 1948இல் நூலாக வந்தன. நோயாளி ஒருவரே எழுதிவைத்த இந்நோயின் முதல் வரலாறாக மருத்துவ உலகம் அவற்றை மதிக்கிறது.

மருத்துவ நூலில் 1822 டிசம்பர் என்பது நோயின் முதல் அறிகுறி தோன்றிய தேதி. அகஸ்டஸின் வாழ்க்கையிலோ அது அன்புக்குரிய ஒருவரைப் பறிகொடுத்த தேதி. இவற்றுள் எது உண்மை? இரண்டும் உண்மையே. பின்னால் வந்த அறிவு முன்னால் இருந்த துயரைப் பொய்யாக்கிவிடாது. அதேபோல், பின்னால் அறிந்த நோய் முன்னால் நுகர்ந்த மகிழ்ச்சியையும் பொய்யாக்க வேண்டியதில்லை. ஆனால் நோயுற்ற மனம் இதனை எளிதில் ஏற்பதில்லை. அன்று என் திருமணத்தின்போதே இந்நோய் எனக்குள் ஒளிந்திருந்ததே, அப்படியானால் அந்தச் சிரிப்பு எல்லாம் அறியாமைதானே என்று அது தன்னையே வதைத்துக்கொள்ளும். திரும்பிப் பார்ப்பவருக்கு வரும் முதற்சோதனை இது.

இச்சோதனைக்கு விடையாக ஒரு வாழ்க்கையைச் சொல்லலாம். பார்பெல்லியன் என்ற புனைபெயரில் எழுதிய புரூஸ் கம்மிங்ஸ் 1889இல் பிறந்தவர். இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பூச்சிகளை ஆராய்ந்தவர். 1915 செப்டம்பரில் அவருக்குத் திருமணம் நடந்தது. அது முதல் உலகப்போர்க் காலம். அதே ஆண்டு நவம்பரில் படைத் தேர்வுக்குச் சென்ற அவரிடம், இராணுவ மருத்துவரிடம் காட்டும்படி முத்திரையிட்ட கடிதம் ஒன்றை அவருடைய மருத்துவர் கொடுத்திருந்தார். கடிதத்துக்குத் தேவையின்றியே படை மருத்துவர்கள் அவரைத் தள்ளிவிட்டனர். வீடு திரும்பும் இரயில் வண்டியில் அவர் அதனைப் பிரித்துப் படித்தார். தமக்கு இருந்த நோயின் பெயரை அவ்வாறுதான் அறிந்தார்.

வரலாறு இத்துடன் முடியவில்லை. மனைவி இதனை அறிந்தால் எவ்வளவு துன்புறுவாள் என்று அவர் உள்ளூரக் கலங்கிக்கொண்டிருந்தார். பின்னொரு நாள் அவருக்கு வேறோர் உண்மை தெரியவந்தது. திருமணத்துக்கு முன்பே அப்பெண்ணிடம் மருத்துவர் நோயைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அனைத்தும் அறிந்தே அவள் அவரை மணந்திருக்கிறாள். இப்போது அந்தத் திருமண நாளை அவர் எப்படித் திரும்பிப் பார்த்திருப்பார்! நோயின் செய்தி அந்த நாளின்மேல் நிழலைப் படரவிட்டது. மனைவியின் செய்தியோ அந்த நாள் தாம் நினைத்ததைவிடப் பன்மடங்கு கனமானது என்று காட்டியது. 1919இல் அவருடைய நாட்குறிப்பு நூலாக வெளிவந்தது. அதே ஆண்டு, முப்பதாம் வயதில், அவர் காலமானார்.

புனித அகுஸ்தினார் தம் தன்வரலாற்று நூலின் பதினோராம் பகுதியில் காலத்தைப் பற்றி ஆராய்கிறார். கடந்தகாலம் நம் நினைவில் நிகழ்காலமாகவே வாழ்கிறது என்பது அவர் வந்தடைந்த முடிவு. நடந்த நிகழ்ச்சியை மாற்ற எவராலும் இயலாது. ஆனால் அதன் பொருள் அன்றே முழுமை பெற்றுவிடுவதுமில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கும் ஒரு செய்தி, ஒரு மனிதரின் அன்பு, ஒரு புரிதல் அதன் பொருளை வளர்க்கலாம். ஆகவே, திரும்பிப் பார்ப்பது பழைய புண்ணைக் கிளறுவதாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதில்லை.

இரண்டாம் சோதனை இதற்கு நேர்மாறானது. கடந்தகாலம் முழுவதும் பொற்காலம், அதன்பின் வந்ததெல்லாம் வெறுமை என்று எண்ணுவது அது. ஆங்கில இசைக்கலைஞர் ஜாக்குலின் டு பிரே 1945இல் பிறந்தவர். எல்கரின் செல்லோ இசைக்கோவையை 1965இல் அவர் இசைத்துப் பதிவு செய்தபோது வயது இருபது. அப்பதிவு இன்றும் உலகெங்கும் கேட்கப்படுகிறது. 1971 முதல் விரல்களில் உணர்வு குறையத் தொடங்கியது. 1973இல் நோய் உறுதியாயிற்று. மேடை வாழ்வு முடிந்தது. அப்போது வயது இருபத்தெட்டு. 1987இல் அவர் இறந்தார். அவரைப் பற்றிய பல கட்டுரைகள் 1973ஐ எட்டியதும் விரைந்து நடந்து 1987இல் போய் நிற்கின்றன. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளுக்கு ஒரே வரி.

அந்த ஆண்டுகளில் அவர் மாணவர்களுக்குக் கற்பித்தார் என்று நாம் விடை சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் அந்த விடையிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கற்பித்ததால் அந்த ஆண்டுகளுக்கு மதிப்பு உண்டு என்றால், கற்பிக்கவும் இயலாமற்போன இறுதி ஆண்டுகளுக்கு என்ன மதிப்பு? ஒரு பயனை இழந்தவரிடம் வேறொரு பயனைத் தேடிக் காட்டுகின்றவரை, நாம் இன்னும் மைல்கற்களைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாம் சோதனை நம்மைப் போன்ற பக்தர்களுக்கு உரியது. துன்பத்துக்கு விரைந்து விளக்கம் சொல்லிவிடுவது அது. ஹாலந்தின் ஸ்கீடாம் நகரத்துப் புனித லிட்வினா இளவயதில் பனிச்சறுக்கில் விழுந்து விலா எலும்பு முறிந்து, 1433இல் இறக்கும்வரை ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் படுக்கையில் கிடந்தார். அவருடைய நோய் இதுவாகவே இருந்திருக்கலாம் என்று கருதும் மருத்துவ அறிஞர்களும் உண்டு. அவரை முன்மாதிரியாகக் காட்டி, ஆண்டவர் அன்புசெய்பவரைத்தான் சோதிக்கிறார் என்று நோயாளியின் கட்டிலருகே நின்று நாம் சொல்லிவிடுகிறோம். புனிதர் தம் படுக்கையிலிருந்து தாமே கண்டடைந்த பொருளை, நலமாக நிற்கும் நாம் இன்னொருவர்மேல் சுமத்த உரிமை ஏது? யோபின் நண்பர்கள் ஏழு நாள்கள் வாய்திறவாது அவரோடு அமர்ந்திருந்தபோது நன்றாகவே இருந்தனர். விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் வழிதவறினர்.

அப்படியானால் திரும்பிப் பார்ப்பவர் எதைப் பார்க்க வேண்டும்? அமெரிக்கக் கட்டுரையாளர் நான்சி மேர்ஸ் இதற்கு வழிகாட்டுகிறார். 1943இல் பிறந்த அவருக்கு முப்பது வயதை எட்டுமுன்பே இந்நோய் தொடங்கியது. பின்னாளில் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். தம் நிலையை மென்மையான சொற்களால் மூடி மறைக்க மறுத்து, ஊனம் என்பதை ஊனம் என்றே எழுதியவர் அவர். 2016இல் மறையும்வரை அந்த நேர்மை குறையவில்லை. திருமணத்தையும் விசுவாசத்தையும் பற்றி 1993இல் வெளியிட்ட நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘பொதுக்காலம்’ என்பதாகும்.

இப்பெயரின் ஆழம் நமக்கு உடனே விளங்கும். நமது வழிபாட்டு ஆண்டில் கிறிஸ்து பிறப்பும் உயிர்ப்பும் பெருவிழாக்கள். ஆனால் ஆண்டின் 33 அல்லது 34 வாரங்கள் பொதுக்காலமே. குரு பச்சை உடை அணிந்து பலி நிறைவேற்றும் அந்த வாரங்களில் தோரணம் இல்லை, வாணவேடிக்கை இல்லை. வாழ்க்கையும் அப்படித்தான். மைல்கற்கள் திருவிழாக்கள். அவற்றுக்கு இடையே, ஒருவர் சமைக்க ஒருவர் உண்டதும், ஒருவர் இருமியபோது மற்றவர் விழித்ததும் பொதுக்காலம். சட்டைப் பொத்தானை மாட்ட இன்னொருவர் கை தேவைப்படும் நிலைக்கு வந்தவர், நலமுள்ள நாம் கவனியாது கடந்துபோகும் இந்தப் பொதுக்காலத்தை மிகத் தெளிவாகக் காண்கிறார். எந்த மைல்கல்லையும் தாம் தனியே அடைந்ததில்லை என்பதையும் காண்கிறார். தேர்வு எழுதிய காலையில் விளக்கேற்றி எழுப்பியவர் ஒருவர் இருந்தார். முதல் ஊதியத்துக்கு முன் பேருந்துக் கட்டணம் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். சுமைதாங்கிகள் வழிநெடுக இருந்திருக்கின்றன. வேகமாக நடந்தபோது அவை கண்ணில் படவில்லை.

ஆனால் இங்கேதான் நோயாளியின் மிகக் கசப்பான சொல் எழுகிறது. ‘நான் எல்லோருக்கும் சுமையாகிவிட்டேன்.’ மேய்ப்புப்பணியில் இல்லங்களைச் சந்திக்கும் எந்தக் குருவும் இச்சொல்லைக் கேளாதிருக்க முடியாது. இதனைச் சாதாரணப் புலம்பலாகத் தள்ளிவிடக் கூடாது. நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002இலும், கனடா 2016இலும், நோயாளி கேட்டால் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு மருத்துவர் அவரது உயிரை முடிக்கச் சட்டத்தில் இடமளித்தன. அவ்வழியை நாடுவோர் எல்லோரும் உடல் வலி ஒன்றுக்கே அஞ்சி நாடுவதில்லை. பிறருக்குச் சுமையானோம் என்னும் எண்ணமும் அவர்களை உந்துகிறது. அவர்களைத் தீர்ப்பிட நான் வரவில்லை. ஆனால் நடந்த தூரமே மனிதனின் அளவு என்று நாம் பிள்ளைப் பருவம் முதல் கற்பித்துவிட்டு, நடை நின்றவர் தம் வாழ்வுக்கு மதிப்பில்லை என்று முடிவு செய்யும்போது திகைப்பது நேர்மையாகுமா?

‘இல்லை, நீ சுமையே இல்லை’ என்று நாம் அவசரமாக மறுக்கிறோம். நோயாளி அதனை நம்புவதில்லை. இரவில் மும்முறை எழுந்து தம்மைப் புரட்டிப் படுக்க வைக்கும் மனைவியின் சிவந்த கண்களை அவர் பார்க்கிறார். சுமை உண்மையானது. நாம் மறுக்க வேண்டியது சுமையை அன்று. சுமையாக இருப்பது இழிவு என்ற எண்ணத்தையே.

சுமைதாங்கியை நம் முன்னோர் யாருடைய நினைவாக நாட்டினர்? கருவுற்ற நிலையில், வயிற்றுச் சுமை இறங்காமலே இறந்துபோன பெண்ணின் நினைவாக. தன் சுமையை இறக்க முடியாது போனவளின் பெயரால், வழிப்போக்கர் அனைவருக்கும் சுமை இறக்க ஓரிடம்! படிப்பறியாத மக்களின் துயரம் எவ்வளவு பெரிய அறமாக மாறியிருக்கிறது! அந்தக் கல் இன்னொன்றையும் நமக்கு நினைவூட்டுகிறது. பிறந்த மனிதர் எவரும் முதலில் ஒரு தாயின் சுமையாகவே இருந்தவர். நாம் நடப்பதற்கு முன் சுமக்கப்பட்டோம். அந்தப் பத்து மாதங்களில் நாம் எதையும் சாதிக்கவில்லை. ஆயினும் நம்மை நேசித்தவர் ஒருவர் இருந்தார். நம் வாழ்வின் முதல் மைல்கல்லான பிறப்பே, சுமையாக இருப்பதும் நேசிக்கப்படுவதும் ஒன்றுக்கொன்று பகையன்று என்பதற்குச் சான்று. பிறரைச் சார்ந்திருத்தலை இந்நோய் புதிதாகப் படைத்துவிடவில்லை. நலமான ஆண்டுகள் மறைத்து வைத்திருந்த உண்மையை அது, நம்மைக் கேளாமலே, வெளியே கொண்டுவந்து வைக்கிறது. அதற்காக நோயை நன்மை என்று கூற வேண்டாம். கொடுமை கொடுமையே. ஆனால் அக்கொடுமையாலும் பறிக்க முடியாத ஒன்று இருக்கிறது என்று கூறலாம்.

இறைவாக்கினர் சாமுவேல் மிஸ்பாவுக்கு அருகே கல் ஒன்றை நாட்டி அதற்கு எபனேசர் என்று பெயரிட்டார். உதவியின் கல் என்பது அதன் பொருள். எத்தனை போர்களை வென்றோம் என்று அக்கல்லில் அவர் பொறிக்கவில்லை. பெற்ற உதவியைத்தான் நினைவுகூர்ந்தார். நோயோடு வாழ்பவர் தம் கடந்தகாலத்தில் நாட்டக்கூடிய கல் இத்தகையது. 1985, 1992, 2004 என்று தம் ஆண்டுகளை வரிசைப்படுத்தும்போது, அந்த ஆண்டில் எதை அடைந்தேன் என்பதோடு, அந்த ஆண்டில் யார் என்னைத் தாங்கினார், நான் யாரைத் தாங்கினேன் என்றும் அவர் கேட்டுக்கொள்ளலாம். நடை நின்ற பிறகும் இக்கணக்கில் புதிய வரிகள் சேரும். படுக்கையில் இருப்பவரிடம் வந்து மனம் திறந்து அழுதுவிட்டுப் போகும் அயலார் உண்டு. அவர்களுக்கு அந்தப் படுக்கையே சுமைதாங்கி.

எஞ்சியுள்ள பொறுப்பு நம்முடையது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைத் தன் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சட்டம் சொன்னதை நம் ஆலயப் படிக்கட்டுகள் இன்னும் கேட்டனவா? சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் உண்டா? வெளியே தெரியாத களைப்பு இந்நோயின் பெருந்தொல்லை. ‘பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறார், பூசைக்கு வர என்ன கேடு’ என்று பேசும் நாவை அடக்கினாலே அது ஒரு தொண்டு. மேலும், சுமைதாங்கி யாருக்காக நிற்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். அது சுமைக்காக மட்டுமன்று, சுமப்பவருக்காகவும் நிற்கிறது. முடக்குவாதக்காரரை இயேசுவிடம் கொண்டுவந்த நால்வரைப் பற்றி மாற்கு எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் பலவேளைகளில் நால்வர் இருப்பதில்லை. ஒரே ஒருவர்தான் இருக்கிறார். பெரும்பாலும் மனைவி, அல்லது தாய், அல்லது மணமாகாத மகள். பல ஆண்டுகளாகத் தம் சொந்த மைல்கற்களை ஒத்திவைத்துவிட்டவர் அவர். அவரிடம் ‘நீங்கள் பெரிய புண்ணியவதி’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம்.

ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் நெடுநோயாளர் உள்ள வீடு எது என்று அறியும். வாரத்தில் ஒரு நாள் பிற்பகலில் இருவர் அங்கே சென்று நோயாளியோடு அமரட்டும். அறிவுரை வேண்டாம், அவருடைய பழைய கதைகளைக் கேட்டால் போதும். அந்த இரண்டு மணி நேரத்தில் அவரைப் பேணுபவர் கோவிலுக்குப் போகட்டும், கடைவீதிக்குப் போகட்டும், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும்.